தலைகீழாகப் பிடித்த கேமரா

வெள்ளறடை
9 ஜனவரி 2024

அண்ணனுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. இடது கையால் எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடமாட்டாய். காகிதத்தில் குறுக்கே பேச உன்னால் முடியாது. அதனால்தான் நீ அழைத்தபோதெல்லாம் எடுக்கவில்லை.

கேமரா வாங்கிவிட்டேன். புதிது. காட்டாக்கடையில். நம் ஸ்டுடியோவில் நீ வைத்திருக்கும் பெரிய சாமான் இல்லை. டி.எஸ்.எல்.ஆரில் ஆகக் கீழ்ப்படி மாடல், கூடவே வரும் பதினெட்டு-ஐம்பத்தைந்து லென்ஸ். பெட்டியைப் பார்த்ததும் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அதனால் முதலில் நான் சொல்லிவிடுகிறேன்.

எடை லென்ஸோடு சேர்ந்து எழுநூறு கிராம் வராது. உன்னுடையது ஒன்றே முக்கால் கிலோ. இரண்டு கையும் முழுசாக இருந்த காலத்திலேயே அது சாயங்காலத்தில் என் தோளைப் பிய்த்துவிடும். இந்தச் சின்னது என் இடது கைக்குள் ஒரு பணியாரம் மாதிரி அடங்குகிறது. வியூஃபைண்டர் கொஞ்சம் இருட்டு, ஓரத்தில் இருப்பது முழுசாகத் தெரியாது. ஃபோகஸ் நடுப்புள்ளியில் மட்டும் நம்பலாம். விநாடிக்கு மூன்று படம். மூன்று போதும்.

உலகத்தில் எல்லாக் கேமராவும் வலது கைக்காரர்களுக்குச் செய்தவை. கடைக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, "சேச்சி, இது ரைட் ஹாண்டினுள்ளதாணு" என்றார். நான் அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தேன். பிடி இடது பக்கம் வந்துவிட்டது. ஷட்டர் பட்டன் அடியில் வந்துவிட்டது. சுண்டுவிரல் சரியாக அங்கே போய் நின்றது. கடையை விட்டு வெளியே வருவதற்குள் நாற்பது படம் எடுத்துவிட்டேன். கேமராவை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தால் படம் நேராகத் தெரிகிறது. நிமிர்த்தினால்தான் எல்லாரும் தலைகீழாக நிற்கிறார்கள்.

நான் ஏன் வீட்டைவிட்டு வந்தேன் என்று அம்மாவிடம் நீ கேட்டாயாம். டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, காரக்கோணத்திலிருந்து கல்யாணப் படம் எடுக்கப் பேச வந்தவர்கள் "ஜினிதானே படம் எடுப்பா?" என்று கேட்டார்கள். நான் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவளுக்கு இனி முடியாது. கை போச்சுல்லா. எங்க ஸ்டுடியோ பையன் ஜித்தினாக்கும் எடுப்பான்" என்றாய். அவர்களுக்குப் பின்னால் சுவரில் பதினொரு பெரிய படங்கள் தொங்கின. அத்தனையும் நான் எடுத்தவை. ஒன்றில்கூட என் பெயர் இல்லை.

பெயரைப் போடு, இல்லையென்றால் கழற்று.

செல்லபாய் அத்தை வீட்டில்தான் இருக்கிறேன். அத்தை தினமும், "பிள்ளே, அத நேரா பிடி, விழுந்திரும்" என்கிறாள். மற்றபடி சுகம்.

ஜினி


பாறசாலை
15 ஜனவரி 2024

ஜினிக்கு,

தமிழில் எழுதிப் பல வருடம் ஆகிறது. ஆல்பத்து அட்டையில் பெயர் எழுதுவதெல்லாம் மலையாளத்தில்தானே. பிழை இருந்தால் திருத்திக்கொள்.

நீ வாங்கியது பிள்ளைகள் பழகும் கேமரா. இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனக்குத் தெரியும். அதில் ஒரே ஒரு மெமரி கார்டு போகும். அது பாதியில் கெட்டால் ஒரு குடும்பத்தின் கல்யாணமே போச்சு. மறுபடி ஒருமுறை தாலி கட்டச் சொல்வாயா? வெளிச்சம் குறைந்தால் படம் முழுக்க மணல் தூவினதுபோல் இருக்கும். நம் சர்ச்சுகளில் பாதி இருட்டுக் கோயில். கூட ஒட்டியிருக்கும் ஃபிளாஷைத் தலைகீழாக அடித்தால் கீழேயிருந்து வெளிச்சம் போய், மணப்பெண் பேய்மாதிரி தெரிவாள். இதையெல்லாம் யோசித்தாயா?

இன்னொன்றும் எழுதுகிறேன், கோபப்படாதே. நீ அப்படிப் பிடித்துக்கொண்டு ஒரு கல்யாணத்தில் நின்றால் ஜனங்கள் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார்கள். உன் கையைத்தான் பார்ப்பார்கள். பாவம் என்று சொல்லுவார்கள். அதைக் கேட்க நீ தயாரா?

கவுண்டர் வேலை என்ன கேவலமா? ஆல்பம் வடிவமைக்க உன்னைப்போல் ஆள் கிடையாது. உன் நாற்காலியில் யாரையும் உட்காரவைக்கவில்லை. அம்மா மேலுக்குச் சுகமில்லாமல் இருக்கிறாள். வா.

ஜாய்


வெள்ளறடை
24 ஜனவரி 2024

அண்ணனுக்கு,

அம்மாவிடம் நேற்றுப் பேசினேன். ஜலதோஷம்தான், கஞ்சி குடித்துவிட்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவை வைத்து என்னை இழுக்காதே.

உன் கேள்விகளுக்குப் பதில். ஒரே கார்டுதான் போகும், உண்மை. அதனால் சின்னச் சின்னதாக ஆறு கார்டு வைத்திருக்கிறேன். வீட்டில் ஒன்று, கோயிலுக்குள் நுழையும்போது ஒன்று, தாலி கட்டு முடிந்ததும் ஒன்று. கெட்டாலும் ஒரு துண்டுதான் கெடும். ஃபிளாஷ் அடிக்கவே மாட்டேன். ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்று கூட வாங்கினேன், அதற்குக் கொஞ்சம் வெளிச்சமே போதும். மணல் தூவினதுபோல் இருக்குமா? இருக்கும். போன வாரம் இங்கே கோயிலில் எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லி, அத்தையைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி நூற்றைம்பது படம் எடுத்துப் பார்த்தேன். மணல் இருக்கிறது. மணலுக்குள் அத்தையும் இருக்கிறாள். அத்தைதான் எனக்கு வேண்டும்.

இந்தக் கேமராவின் பெரிய குறை நீ எழுதியதில் இல்லை. இருட்டில் ஃபோகஸ் பிடிக்கத் தெரியாமல் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அதற்குள் எதிரே நடப்பது நடந்து முடிந்துவிடும். அதற்காக ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு வலது கையால் லென்ஸ் வளையத்தைத் திருப்பப் பழகுகிறேன். பாதிக் கட்டைவிரலும் மோதிர விரலும் மிச்சம் இருக்கின்றனவே, அவை பின் எதற்கு? முதல் வாரம் தழும்பு எரிந்தது. இப்போது இல்லை.

இனி நான் கேட்கிறேன். சுகுமாரி அக்காவைப் போனில் அழைத்தாயா?

அத்தையின் ரப்பர் மரங்களில் பட்டை வெட்டிப் பால் எடுக்கிறவர்தான் சுகுமாரி அக்கா. அவர் மகள் ஷீனாவுக்குப் பிப்ரவரி எட்டாம் தேதி கல்யாணம், லெந்து உபவாச நாட்கள் தொடங்குவதற்கு முன். படம் எடுக்க என்னைத்தான் கேட்டார். நான் போய்க் கெஞ்சவில்லை. அத்தை வீட்டு முற்றத்தில் பால் வாளியோடு நின்றபோது எடுத்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "மக்கா, என் முகம் இப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. ஷீனாவ நீயே எடு" என்றார்.

திங்கட்கிழமை காலையில் வந்தபோது முகம் சரியில்லை. திரும்பத் திரும்பக் கேட்டபிறகு சொன்னார். "நெய்யாற்றின்கரை ஸ்டுடியோல இருந்து உங்க அண்ணன் விளிச்சாரு. அவளுக்கு ஆகாது, எங்க ஆளுகள அனுப்புறேன், பைசா ஒண்ணும் வேண்டாம்னு சொன்னாரு."

என் முதல் வேலையை இலவசமாகப் பறிக்கப் பார்த்திருக்கிறாய். எதிரிகூட விலை குறைத்துத்தான் பறிப்பான்.

சுகுமாரி அக்கா உனக்கு என்ன பதில் சொன்னார் என்று நீ வீட்டில் சொல்லியிருக்கமாட்டாய். நான் எழுதுகிறேன். "அவ எடுத்துக் கெட்டுப்போனா போகட்டும், என் மக கல்யாணம், எனக்கு அவதான் வேணும்." அப்படித்தானே?

எட்டாம் தேதி நான்தான் எடுப்பேன்.

ஜினி


பாறசாலை
30 ஜனவரி 2024

ஜினிக்கு,

ஆமாம், அழைத்தேன். அவர் அப்படியேதான் சொன்னார்.

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். ஏன் அழைத்தேன் என்று எழுதினால் அது சாக்குமாதிரி ஆகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜூன் பதினாலாம் தேதி காலையைப் பற்றி நாம் ஒருமுறைகூடப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் நீ "மெஷினில் போச்சு" என்று டாக்டரிடம் சொன்னாய். அம்மாவிடமும் அதையே சொன்னாய். நான் பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரில் நீ உறைந்த பாலைத் தள்ளிக்கொண்டிருந்தாய். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தது நான். மற்றக் கையில் போன். கல்யாணப் பார்ட்டி ஒருவன் ஆல்பத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தான். நீ "அண்ணா, நில்லு" என்று கத்தியது எனக்குக் கேட்டது, ஜினி. கேட்டது. அறுபது பக்கம் என்று அவனுக்குச் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். அதற்குள் கைப்பிடி இன்னொரு சுற்றுப் போய்விட்டது.

அந்த ஒரு சுற்று நின்றிருந்தால் ஒருவேளை விரல் நுனி மட்டும் போயிருக்கும்.

நீ கேமராவைத் தொடும்போதெல்லாம் எனக்கு அதுதான் தெரிகிறது. அதனால் உன்னைக் கவுண்டரில் வைத்தேன். அங்கே கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். அதைத்தான் நான் விரும்பினேன். சொல்லிவிட்டேன்.

சுவரில் இருந்த பதினொரு படத்துக்கும் கீழே உன் பெயர் வைத்துவிட்டேன். ஜித்தின், "இதெல்லாம் சேச்சி எடுத்ததா?" என்று கேட்டான். இத்தனை நாள் நான் எடுத்ததென்று நினைத்திருக்கிறான்.

இந்தப் பார்சலில் ஒரு பிடி வைத்திருக்கிறேன். ஷட்டருக்கான ஒயர் பட்டன் ஒன்றை வாங்கி, லேத்தில் கொடுத்து இடது கைக்குத் தகுந்த பிடியில் பொருத்தியிருக்கிறேன். கேமராவின் அடியில் திருகிவிட்டால் நேராகப் பிடித்தே எடுக்கலாம். பாதி அழுத்தினால் ஃபோகஸும் பிடிக்கும். நானே சோதித்துப் பார்த்தேன். எட்டாம் தேதிக்கு இதைப் பயன்படுத்து. தலைகீழாகப் பிடிக்காதே. என்னால் பார்க்க முடியாது.

ஜாய்


வெள்ளறடை
12 பிப்ரவரி 2024

அண்ணனுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் கல்யாணத்துக்குப் போனேன். முதலில் கல்யாணம்.

வீட்டில் பெண்ணை அலங்கரிக்கும்போது எடுத்தவை நன்றாக வந்தன. கோயில் வாசலில் மாப்பிள்ளையின் கூட்டுக்காரப் பையன்கள் நின்றார்கள். ஒருத்தன், "எலே, அக்கா கேமராவ கமத்திப் பிடிச்சிருக்கு பாரு" என்று சிரித்தான். இன்னொருத்தன் போனைத் தலைகீழாகப் பிடித்து என்னையே படம் எடுத்தான். நான் அவனிடம் போய், "நல்லா வந்துதா? காட்டு" என்றேன். கை ஆடி, கலங்கிப் போயிருந்தது. "மக்கா, சுண்டுவிரல்ல அழுத்திப் பழகணும், மூணு நாள்ல வராது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

நீ எழுதியது சரிதான், எல்லாரும் கையைத்தான் பார்த்தார்கள். பத்து நிமிடம் பார்த்தார்கள். பிறகு பெண் வந்தாள், பெண்ணைப் பார்த்தார்கள்.

தாலி கட்டும் நேரத்தில் கரண்ட் போனதும், பிறகு நடந்ததும் உனக்குத் தெரியும். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாதே.

போதகர் தாலியைக் கையில் எடுத்துவிட்டார். ஒரேயடியாக இருட்டு. கேமரா ஃபோகஸைத் தேடத் தொடங்கிவிட்டது, முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆளாளுக்குப் போன் விளக்கை அடித்தார்கள், பெண்ணின் முகத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. ஜெனரேட்டருக்கு ஓடியவர்களைக் காணோம். போதகர் காத்திருக்கிற ஆள் இல்லை. எனக்குள் என்ன வந்ததோ, பீடத்துப் படியில் நின்றுகொண்டு கத்தினேன்: "விளக்கெல்லாம் அணைங்க! யாராவது அந்தத் தெற்கு வாசலத் திறங்க!"

கோயிலுக்குள் ஒரு பெண் அப்படிக் கத்தி அங்கே யாரும் கேட்டதில்லை. போதகர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா, "இதென்ன கூத்து?" என்றார். ஒருவரும் அசையவில்லை. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு ஆள் எழுந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்தான். அது துருப்பிடித்துச் சிக்கியிருந்தது. தோளால் இடித்துத் திறந்தான். பதினொன்றரை மணி வெயில் பக்கவாட்டில் வந்து விழுந்தது. வியூஃபைண்டரில் நான் முதலில் பார்த்தது ஷீனாவை இல்லை. வாசலில் நின்ற உன்னை.

உன் தோளில் பெரிய கேமராப் பை இருந்தது. நான் தோற்றால் எடுப்பதற்காகக் கொண்டுவந்திருந்தாய். வேறு எதற்கு? எனக்கு அந்த நொடியில் உன்னை அடிக்கவேண்டும் என்று இருந்தது.

ஆனால் நேரம் இல்லை. ஆட்டோவை அணைத்தேன், வலது கையால் வளையத்தைத் திருப்பினேன், மூச்சைப் பிடித்தேன். மூன்று படம். இரண்டாவதில் ஷீனாவின் பின்கழுத்து, தாலிக்கயிறு, மாப்பிள்ளையின் முடிச்சுப் போடுகிற விரல், அதற்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சுகுமாரி அக்கா. எல்லாம் கூர்மையாக இருக்கின்றன. நீ எப்போதும் சொல்கிற மணலும் இருக்கிறது.

தோற்றதையும் எழுதிவிடுகிறேன். மோதிரம் மாற்றியது கலங்கிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணை முத்தமிட்டது முழுசாகப் போய்விட்டது, கார்டு மாற்றிக்கொண்டிருந்தேன். சுகுமாரி அக்காவிடம் நேராகச் சொன்னேன். "முத்தம் எங்க போகப்போகுது மக்கா, இன்னும் நூறு குடுக்கட்டும்" என்றார்.

இப்போது உன் கடிதம்.

நீ சுற்றியதுதான் என்று எனக்கு எப்போதும் தெரியும். நான் யாருக்கும் சொல்லாதது உனக்காக இல்லை, அம்மாவுக்காக. நீ கேட்டாய் என்பது மட்டும் தெரியாது. நான் கத்தியது கேட்கவில்லை என்றுதான் எட்டு மாதமும் நினைத்திருந்தேன். அதைப் படித்துவிட்டு அத்தையின் தோட்டத்தில் ரொம்ப நேரம் நடந்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. வராததை எழுதமாட்டேன்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு ஒரு சுற்று, ஒரு நொடி. கவுண்டரில் என்னை ஐந்து மாதம் உட்காரவைத்தாய். முதலாவதைவிட இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலித்தது. விரல் போனதை மெஷின் செய்தது, நீயும் செய்தாய். "அவளுக்கு முடியாது" என்பதை நீ தனியாகத்தான் செய்தாய்.

பிடியை இரண்டு நாள் பயன்படுத்திப் பார்த்தேன். நல்ல வேலைப்பாடு, குறை சொல்லமுடியாது. திருப்பி அனுப்புகிறேன். அது என் கைக்காகச் செய்ததில்லை, உன் கண்ணுக்காகச் செய்தது.

ஜினி


பாறசாலை
4 மார்ச் 2024

ஜினிக்கு,

பிடி வந்து சேர்ந்தது.

பையோடு வந்தது நீ நினைத்த காரணத்துக்குத்தான். மறுக்கவில்லை. பை முழுசாகச் சார்ஜ் ஏற்றிய இரண்டு கேமரா. ஜிப்பைத் திறக்கக்கூட இல்லை. கரண்ட் போனபோது என் கை ஜிப்பில்தான் இருந்தது. அப்போது நீ கத்தினாய். இந்தத் தடவை முதல் சத்தத்திலேயே எழுந்துவிட்டேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

போன வாரம் சுகுமாரி அக்கா வீட்டுக்குப் போய்ப் படங்களைப் பார்த்தேன். என்னை முற்றத்தில் பத்து நிமிடம் நிற்கவைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். இருபத்திரண்டு வருடத்தில் நான் ஆயிரம் தாலி கட்டு எடுத்திருப்பேன். எல்லாவற்றிலும் மாப்பிள்ளையும் பெண்ணும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பெண்ணின் அம்மா எங்கே நின்றாள் என்று என் படங்களில் தேடினால் கிடைக்கமாட்டாள்.

நேற்று ராபின்சன் என்று ஒருவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். பாறசாலையில் டயர் கடை வைத்திருக்கிறார். மகனுக்கு ஏப்ரல் பதினொன்றாம் தேதி கல்யாணம். கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "கேமராவ கமத்திப் பிடிக்கிற பிள்ளை இங்கயா?" என்றார். ஜித்தின் என்னைப் பார்த்தான். நான், "அவ தனியாக்கும் எடுக்குறா" என்று சொல்லி உன் நம்பரைக் கொடுத்தேன்.

பெரிய கல்யாணம், இரண்டு பேர் வேண்டும். உனக்குத் துணைக்கு ஆள் உண்டா? இல்லையென்றால் நான் வரலாமா என்று கேட்கிறேன். எந்த இடத்தில் நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன்.

ஜாய்


வெள்ளறடை
11 மார்ச் 2024

அண்ணனுக்கு,

ராபின்சன் சேட்டன் அழைத்தார். வேலையை எடுத்துக்கொண்டேன். துணைக்கு நாலு பேரைக் கேட்டேன், இரண்டு பேர் வருகிறோம் என்றார்கள். அவர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ வரலாம்.

பீடத்துக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள், சாப்பாட்டுப் பந்தி, வாசலில் வண்டி வருவது, இதெல்லாம் நீ. நான் ஒதுங்கு என்றால் ஒதுங்கவேண்டும், ஏன் என்று அப்போது கேட்கக்கூடாது. உன் பெரிய கேமராவை எனக்குத் தருகிறேன் என்று ஆரம்பிக்காதே. ஆல்பத்தில் என் பெயர் முதலில், உன் பெயர் இரண்டாவது, இரண்டும் ஒரே அளவு எழுத்தில். பேசிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கு உனக்கு. இதில் எதற்காவது சம்மதம் இல்லையென்றால் இப்போதே எழுது.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி காலை ஏழரைக்கு நான் பாறசாலையில் அவர்கள் வீட்டில் இருப்பேன். நீ தாமதித்தால் காத்திருக்கமாட்டேன்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அவளை உட்காரவைத்து ஒழுங்காக ஒரு படம் நாம் இரண்டு பேரும் இதுவரை எடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று. பந்தியில் யாராவது, "பிள்ளைக்குக் கை எப்படிப் போச்சு?" என்று நிச்சயம் கேட்பார்கள். இத்தனை நாள் அதற்கு "மெஷினில் போச்சு" என்று பதில் சொன்னது நான். அன்றைக்கு எனக்கு வேலை இருக்கும்.

நீ சொல். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே சொல்.

ஜினி